அலமாரிக்கு மாடல் 29, காட்டுக்கு சூப்பர் பிளாக்ஹாக்

என்னிடம் .44 மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும் ரிவால்வர் இரண்டு இருந்தன. ஒன்றை விற்றுவிட்டேன். விற்றது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29, வைத்துக்கொண்டது ரூகர் சூப்பர் பிளாக்ஹாக். டெக்சஸில் பழைய துப்பாக்கி சேர்ப்பவர்களிடம் இதைச் சொன்னால், பாட்டியின் அட்டிகையை விற்றுக் குக்கர் வாங்கியவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

அழகில் போட்டியே இல்லை. மாடல் 29-இன் நீலப் பூச்சு கிணற்றுத் தண்ணீர்போல ஆழமாகத் தெரியும். விசையை இழுத்தால் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சுத்தமாக விடும். வரலாறும் அதன் பக்கம். ஐடஹோவின் வேட்டைக்காரரும் துப்பாக்கி எழுத்தாளருமான எல்மர் கீத், .44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவில் வெடிமருந்தை ஏற்றி ஏற்றிச் சுட்டு, இதை நீங்களே செய்துகொடுங்கள் என்று நிறுவனங்களை வருஷக்கணக்கில் நச்சரித்ததில் பிறந்தது .44 மேக்னம். அதற்கான முதல் ஸ்மித் ரிவால்வர் 1955 டிசம்பரில் தயாரானது; 'மாடல் 29' என்ற எண் 1957-இல் வந்தது. 1971-இல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் க்ளின்ட் ஈஸ்ட்வுட் அதைத் திரையில் நீட்டிய பிறகு கடைகளில் கிடைக்காத சரக்காகிவிட்டது. ரூகர் தன் .44 பிளாக்ஹாக்கை 1956-லேயே இறக்கிவிட்டது. கனத்த கைப்பிடிச் சட்டமும் வரிப்பள்ளம் இல்லாத சிலிண்டருமாக சூப்பர் பிளாக்ஹாக் வந்தது 1959-இல்.

மற்றபடி இரண்டிலும் தோட்டா ஒன்றே, சிலிண்டரில் தோட்டா போட ஆறு அறை, எடை சுமார் 1.3 கிலோ. சுடப்படும் காட்டுப்பன்றிக்கு எது சுட்டது என்று தெரியப்போவதில்லை. ஸ்மித்தில் சிலிண்டரை வெளியே சாய்த்து மளமளவென்று நிரப்பலாம்; ரூகரில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். ஸ்மித்தில் விசையை மட்டும் இழுத்தும் சுடலாம். வேட்டையில் இந்த இரண்டும் எனக்குப் பெரிதாக உதவியதில்லை. முப்பது மீட்டரில் ஒரு பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது எவனும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துத்தான் சுடுவான். முதல் குண்டு தவறினால் இரண்டாவதற்குள் அது புதரில் இருக்கும்.

நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து: ஆட்டம். சிலிண்டர் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது என்பது.

மாடல் 29-இன் உடற்சட்டம் புதிதாக வடிவமைத்ததல்ல. 1908-இல் .44 ஸ்பெஷலுக்காகப் பிறந்த அளவு அது. மேக்னத்தின் அழுத்தம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உருக்கைப் பதப்படுத்திப் பலப்படுத்தினார்கள், சரி. ஆனால் சிலிண்டர் தொங்குவது வெளியே சாயும் ஒரு கையில். கனமான தோட்டாக்களைச் சுடச் சுட, அந்தக் கையின் குழாய் முனை இடிபட்டு இடிபட்டு மழுங்கும். அப்புறம் ஆட்டம் தொடங்கும். 1970-களின் பிற்பகுதியில் இரும்பு உருவங்களைத் தூரத்தில் வைத்துச் சுடும் போட்டிகள் பரவியபோதுதான் இது ஊரறிந்த விஷயமாயிற்று. உதைப்பில் சிலிண்டர் பூட்டு துள்ளி, சிலிண்டர் பின்னோக்கிச் சுழன்று, வெடித்து முடிந்த தோட்டாவின் மேலேயே மறுபடி சுத்தியல் விழுவதும் உண்டு. 1980-களின் கடைசியில் சிலிண்டரின் பூட்டுப் பள்ளங்களை நீட்டி இதைச் சரிசெய்தார்கள். ஆனால் சேர்ப்பவர்கள் தேடி ஓடுவதோ அதற்கு முந்தைய 29-2 வகையை.

என்னுடையதும் 29-2 தான், ஆறரை அங்குலக் குழல். அது ஆடத் தொடங்கியதற்கு நானே காரணம். தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்கிறவன் நான். 240 கிரெயின் (சுமார் 15.5 கிராம்) ஈயக் குண்டை, கையேட்டில் போட்டிருக்கும் உச்ச வரம்பை ஒட்டியே அடைத்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்துச் சொச்சம் சுட்ட பிறகு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி அளக்கும் தகட்டு அளவியை விட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். மெல்லிய வளையம் ஒன்றை உள்ளே போட்டுச் சரிசெய்து, "இனி இதற்குப் பாதி மருந்து போதும்" என்றார். பாதி மருந்துக்கு மேக்னம் எதற்கு?

பராமரிப்பும் அப்படித்தான். மாடல் 29-இன் பக்கத் தகட்டைக் கழற்ற, ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் கைப்பிடிச் சட்டத்தை லேசாகத் தட்ட வேண்டும். தகடு தானே எம்பி வரும். பொறுமையில்லாமல் நெம்பினால் விளிம்பில் ஒரு கீறல் விழும், வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். முன்பக்க ஸ்க்ரூ சிலிண்டர் கையைப் பிடிப்பது. அதை மற்றதோடு மாற்றிப் போட்டுவிடக் கூடாது. தோலுறையில் ஒரு பருவம் போய்வந்தால் குழல் முனையில் நீலம் வெளுக்கும், அதற்கும் விலை குறையும். வேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் இன்று எத்தனை டாலர் தேயும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரூகரில் நடு அச்சை உருவினால் சிலிண்டர் உள்ளங்கையில் விழும். சமையலறை மேசையில் பழைய டி-ஷர்ட்டை விரித்து, காப்பி ஆறுவதற்குள் துடைத்து மாட்டிவிடுவேன். சட்டத்துக்குள்ளேயே இரு பக்கமும் தாங்கப்பட்ட சிலிண்டர், வெளியே சாயும் கை கிடையாது, மழுங்கவும் அங்கே ஒன்றுமில்லை. அதே தோட்டாக்களை அதைவிட அதிகமாகவே சுட்டிருக்கிறேன், அளவி அதே இடத்தில் நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. விசையைச் சுற்றியிருக்கும் சதுரமான காப்பு வளையம், கனத்த தோட்டாவின் உதைப்பில் நடுவிரல் முட்டியில் வந்து இடிக்கும். முதல் மாதம் பிளாஸ்திரியோடுதான் அலுவலகம் போனேன். உதைப்பில் நடு அச்சு முன்னால் நகர்வதும் உண்டு. அதன் பூட்டுக்குக் கொஞ்சம் அழுத்தமான ஸ்பிரிங் போட்டால் அடங்கும். இன்னொன்று, 1973-க்குப் பிந்தைய வகையில் தோட்டா போடச் சிலிண்டரைச் சுழற்றும்போது 'க்ளிக்' கேட்கும் இடத்தில் அறை கதவுக்கு நேராக நிற்காது, தாண்டிப் போயிருக்கும். இருட்டில் இது எரிச்சல்.

இதெல்லாம் பன்றி வேட்டையை வைத்துச் சொல்வது. மான் நான் இதில் அடித்தது இரண்டே முறை, கரடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நாற்பத்தைந்து மீட்டருக்கு அப்பால் வெறும் குறிமுனையை நம்பி நான் சுடுவதும் இல்லை. அங்கேயெல்லாம் எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஸ்மித்தை விற்ற பணத்தில் 1976-இல் செய்த ஒரு சூப்பர் பிளாக்ஹாக்கும், ஒரு வருஷத்துக்கான குண்டும் மருந்தும் வாங்கி, மிச்சமும் இருந்தது. அந்த வருஷத்து ரூகர்களின் குழலில் அமெரிக்க விடுதலையின் 200-ஆவது ஆண்டு என்று பொறித்திருப்பார்கள். சேர்க்கும் ஆசைக்கு அந்த ஒரு வரி போதும் எனக்கு.

ரூகரிலேயே சேகரிப்பு மதிப்பு வேண்டுமென்றால் 1973-க்கு முந்தையதைப் பாருங்கள். சட்டத்தின் பக்கத்தில் மூன்று ஸ்க்ரூ இருக்கும். பிந்தையதில் இரண்டு பின். பழையதில் சுத்தியல் இறங்கியிருக்கும் அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கீழே விழுந்தால் வெடிக்கலாம். இதற்காக ரூகர் இலவசமாகவே பாதுகாப்புப் பாகங்களை மாற்றிக்கொடுத்து, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பி அனுப்புகிறது. மாற்றியதா என்று கேளுங்கள். மாற்றியது என்றால் அந்தப் பழைய பாகங்கள் எங்கே என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.