பத்து ஆண்டுகள், நான்கு கல்விப் பயணங்கள்: உடன்வரும் வல்லுநர்களைப் பற்றி

கல்விப் பயணங்களை நடத்தும் நிறுவனங்கள் வழக்கமான சுற்றுலாவைவிடக் கூடுதல் கட்டணம் கேட்பதற்குச் சொல்லும் முதற்காரணம், துறை அறிந்த வல்லுநர் ஒருவர் நம்முடனேயே வருவார் என்பதுதான். கடந்த பத்து ஆண்டுகளில் இவ்வாறு நான்கு பயணங்கள் சென்றுவந்துள்ளேன். இத்தகைய பயணத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் அனுபவம் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

வழிகாட்டி வேறு, உடன்வரும் வல்லுநர் வேறு என்பது எனக்குப் பசிபிக் பெருங்கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளில்தான் தெளிவாயிற்று. அங்குள்ள தேசியப் பூங்காவின் பார்வையிடங்களில் உரிமம் பெற்ற வழிகாட்டி உடனிருக்க வேண்டும்; ஒருவர் பொறுப்பில் 16 பேருக்கு மேல் செல்லக் கூடாது; விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் விலகி நிற்க வேண்டும். எந்த நிறுவனத்தின் மூலம் சென்றாலும் இவை மாறுவதில்லை. நிறுவனம் அழைத்துவரும் வல்லுநர் இதற்கும் மேலாக என்ன தருகிறார் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

எங்களுடன் வந்தவர் ஓர் உயிரியலாளர். எஸ்பானியோலா தீவில் எங்கள் காலணிகளைச் சுற்றி அச்சமின்றி ஓடிக்கொண்டிருந்த மாக்கிங் பறவையின் அலகை வரையச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து சான் கிறிஸ்டோபல் தீவில் மறுபடியும் அதே பணி. இரு படங்களையும் அருகருகே வைத்தபோது, முதல் தீவின் பறவைக்கு அலகு நீண்டு வளைந்திருந்தது என் கோணல் கோடுகளிலேயே தெரிந்தது. 1835இல் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் அங்கே தங்கிய டார்வினின் கவனத்தை முதலில் ஈர்த்தவை, புகழ்பெற்ற ஃபிஞ்ச் குருவிகள் அல்ல, தீவுக்குத் தீவு வேறுபட்ட இந்த மாக்கிங் பறவைகளே என்பதை அதற்குப் பிறகுதான் அவர் கூறினார். ஃபிஞ்சுகள் பலவற்றை எந்தத் தீவில் பிடித்தது என்று டார்வின் குறித்துக்கொள்ளவே இல்லையாம். பின்னர் டாஃப்னே மேஜர் தீவைக் கப்பலில் கடந்தபோது, பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் இணையர் 1973 முதல் அங்கே ஃபிஞ்சுகளின் அலகுகளை அளந்துவந்ததையும், 1977ஆம் ஆண்டு வறட்சியில் கடினமான விதைகளை உடைக்கவல்ல பெரிய அலகுப் பறவைகளே கூடுதலாகப் பிழைத்ததையும் விளக்கினார். நூலில் படித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அந்த இரு படங்களும் இன்றும் என் மேசையில் இருக்கின்றன.

அங்கோர் வாட்டில் பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பத்தின் கதையை எனக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. உடன்வந்த கட்டடக்கலை அறிஞரும் அதில் நேரத்தைச் செலவிடாமல், மணற்கற்களில் காணப்படும் சிறு வட்டத் துளைகளைக் காட்டினார். கல்லைத் தூக்குவதற்காக மரமுளை செருகிய துளைகள் அவை என்ற கருத்தை விளக்கிவிட்டு, தூக்கிய முறையின் நுட்பங்களைத் தம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த நேர்மைக்குப் பிறகு அவர் உறுதியாகச் சொன்ன எதையும் நான் ஐயுறவில்லை.

அண்டார்க்டிக் தீபகற்பப் பயணத்தில் நிலைமை சற்று வேறு. அங்கே ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையிறங்கக் கூடாது; 500 பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும் கப்பலில் எவருமே இறங்க முடியாது. 20 பயணிகளுக்கு ஒரு பணியாளராவது கரையில் இருக்க வேண்டும் என்பதால், எங்கள் நிலவியலாளரே ரப்பர் படகை ஓட்டினார், விதைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று எங்கள் காலணிகளைச் சோதித்தார், பெங்குவின்களை நெருங்கியவர்களைத் தடுத்தார். பேச அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. டிசெப்ஷன் தீவில், எரிமலையின் உள்வாங்கிய பள்ளத்துக்குள் கடல் புகுந்து அமைந்த அந்தத் துறைமுகத்தில், அவரிடம் கேட்க வைத்திருந்த பல கேள்விகள் என்னிடமே தங்கிவிட்டன. குறை அவருடையது அன்று. ஆனாலும் அண்டார்க்டிகா செல்வோர், பயணிகள் குறைவாக உள்ள கப்பலைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பேன்.

நான்காவது பயணம் எனக்கு ஏமாற்றமாகவே முடிந்தது. கையேட்டில் பெரிதாக அச்சிடப்பட்டிருந்த பேராசிரியர், பன்னிரண்டு நாள் பயணத்தில் முதல் மூன்று நாள்களே வந்தார். அவையும் அரங்கில் திரையில் படம் காட்டும் உரைகளாகவே கழிந்தன. முறையிட்டபோது, வல்லுநர் மாறுதலுக்குட்பட்டவர் என்ற வரியை ஒப்பந்தத்தில் சுட்டிக்காட்டினார்கள். பணம் கட்டும் முன்பே நான் அதைப் படித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து முன்பதிவுக்கு முன் சில கேள்விகளை எழுத்தில் கேட்கிறேன்: வல்லுநர் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை உடனிருப்பார், அவர் பொறுப்பில் எத்தனை பயணிகள், அந்த இடத்திலேயே களப்பணி செய்தவரா, உணவு வேளையில் எங்களோடு அமர்வாரா, அவர் வர இயலாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா. இவற்றுள் கடைசிக்கு முந்தைய கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நான் கற்றவற்றில் பாதி அந்த மேசைகளில் கற்றதுதான்.

ஐந்தாவது பயணத்துக்காக மூன்று நிறுவனங்களுக்கு இக்கேள்விகளை அனுப்பினேன். இரண்டு நிறுவனங்கள் கையேட்டையே திருப்பி அனுப்பின. மூன்றாவதில் வரப்போகும் வல்லுநரே பதில் எழுதி, நான் எதைப் பார்க்க விரும்புகிறேன் என்றும் கேட்டிருந்தார். அங்கேயே பதிவு செய்துவிட்டேன்.