கச்சேரியா, கையெழுத்தா? மைக்கேல் பாலை எங்கே போய்ப் பார்ப்பது

பிரிட்டனில் பிரபலங்களின் சுயசரிதைகள் பெரும்பாலும் அக்டோபர் வாக்கில்தான் கடைக்கு வரும். கிறிஸ்துமஸ் பரிசு வாங்க வருகிற கூட்டத்தைக் குறிவைத்துப் பதிப்பகங்கள் செய்கிற ஏற்பாடு அது. மேடைப் பாடகர்களின் கச்சேரிச் சுற்றுப்பயணங்களும் பல சமயம் அதை ஒட்டியே அறிவிக்கப்படும். ஆக, லண்டனில் மியூசிக்கல் எனப்படும் பாட்டு நாடகங்களின் ரசிகர்களுக்கு வருடா வருடம் ஒரு தொந்தரவு. பிடித்த நட்சத்திரத்தின் கச்சேரியும் புத்தகக் கையெழுத்து நிகழ்ச்சியும் அடுத்தடுத்து வந்து நிற்கும். இரண்டுக்கும் போகக் காசும் விடுப்பும் இருக்கிறவர்கள் தாராளமாகப் போய் வரலாம். ஒன்றுக்குத்தான் கட்டுபடியாகும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு மைக்கேல் பாலை எடுத்துக்கொள்கிறேன். அவர் என் அபிமானப் பாடகர் என்பது ஒரு காரணம். கச்சேரி, வானொலி, நாவல், சுயசரிதை என்று எல்லா வழியிலும் அவர் ரசிகர்களைச் சந்திப்பது இன்னொரு காரணம். பெயர் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: 1962இல் பிறந்தவர். 1985இல் லண்டனில் 'லே மிஸரபிள்' அரங்கேறியபோது மாரியஸ் என்ற மாணவனாகப் பாடியவர். 1989இல் 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் லவ்'வில் அவர் பாடிய 'லவ் சேஞ்சஸ் எவ்ரிதிங்' பிரிட்டன் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. 'ஹேர்ஸ்ப்ரே'யில் குண்டுப் பெண்மணி எட்னாவாகவும், 'ஸ்வீனி டாட்'டில் கழுத்தறுக்கும் சவரக்காரனாகவும் நடித்து இரண்டுக்கும் ஆலிவியர் விருது வாங்கினார். இந்த இரண்டு வேடங்களையும் ஒரே ஆள் போட்டார் என்பதை முதல் தடவை கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

கச்சேரியின் பக்கம்

மியூசிக்கலுக்கே போய்விடலாமே, கச்சேரி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மியூசிக்கலில் நீங்கள் பார்ப்பது ஒரு பாத்திரத்தை. ஒரு மாலைக்கு ஒரே பாத்திரம், அதற்கு எழுதப்பட்ட மூன்று நான்கு பாட்டு. அதுவும் அந்த நாடகம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 2023இல் லிரிக் தியேட்டரில் 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் லவ்' மறுபடி வந்தது. முதல் தடவை இளைஞன் அலெக்ஸாக நடித்த பால், இப்போது அவனுடைய அங்கிள் ஜார்ஜாக நடித்தார். அந்தப் புகழ்பெற்ற பாட்டையும் இம்முறை ஜார்ஜுக்கே கொடுத்துவிட்டார்கள். நவம்பர் வரை ஓடும் என்று சொல்லப்பட்ட நாடகம் ஆகஸ்டிலேயே மூடப்பட்டது. இலையுதிர் காலத்துக்கு டிக்கெட் எடுத்துவைத்திருந்தவர்கள் அவரை அந்த வேடத்தில் பார்க்கவே முடியவில்லை.

கச்சேரியில் அந்தத் தொல்லை இல்லை. முப்பத்தைந்து, நாற்பது வருட வேடங்கள் இரண்டு மணி நேரத்தில் வரிசையாக வந்துபோகும். 1985இல் மாரியஸாகத் தோழர்களை இழந்து பாடிய மனிதர், 2019இல் கீல்குட் தியேட்டரில் நடந்த 'லே மிஸரபிள்' கச்சேரி வடிவத்தில் இன்ஸ்பெக்டர் ஜாவெராக நின்றார். ஒரு நாடகத்தின் இரண்டு எதிர் முனைகள். நாடக மேடையில் இந்த இரண்டையும் அவர் குரலில் கேட்க வேண்டுமென்றால் முப்பது வருடம் இடைவெளி விட்டு இரண்டு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். தனிக் கச்சேரியில் ஒன்றின் கைதட்டல் அடங்குவதற்குள் மற்றது தொடங்கலாம். வயதான குரலில் இளைஞனின் பாட்டைக் கேட்பதில் தனிச் சுகம் உண்டு. மேல் ஸ்தாயியில் அன்றிருந்த அலட்சியம் இன்று இல்லை. அதற்குப் பதில், அந்த நோட்டுக்கு எப்போது மூச்சு எடுப்பது, எந்த வார்த்தையில் அடக்கி வாசிப்பது என்கிற கணக்கு வந்திருக்கும். அதைக் கவனிப்பதற்காகவே நான் பக்கவாட்டு இருக்கையானாலும் முன் வரிசையாக எடுப்பேன்.

கிட்டப்பா காலத்து நாடகக் கொட்டகைகளில் கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் கதையை அப்படியே நிறுத்திவிட்டுப் பாட்டைத் திரும்பப் பாடுவார்களாம். லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டின் மியூசிக்கலில் அதெல்லாம் நடக்காது. கச்சேரியில் மட்டும் கடைசியில் மறுபாட்டு உண்டு. அதுவும் முன்கூட்டியே முடிவானதுதான். பாடகர் வணக்கம் சொல்லி உள்ளே போனபின் வாத்தியக்காரர்களைப் பாருங்கள். ஒருவரும் தாளை மூடியிருக்க மாட்டார்கள், ஸ்டாண்டில் அடுத்த பக்கம் தயாராக இருக்கும்.

ஆனால் எந்த அரங்கம் என்று பார்க்காமல் கச்சேரி டிக்கெட் எடுப்பது வீண். ராயல் ஆல்பர்ட் ஹாலில் 5,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1871இல் திறந்த நீள்வட்டக் கட்டடம், எதிரொலிக்குப் பெயர் போனது. அதைக் குறைக்கத்தான் 1969இல் கூரையிலிருந்து காளான் மாதிரி பெரிய தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். உச்சி வட்டத்தில் உட்கார்ந்தால் அந்தக் காளான்கள் பாடகரைவிடப் பெரிதாகத் தெரியும். ஸ்லோன் ஸ்கொயர் பக்கத்திலுள்ள கடோகன் ஹாலோ பழைய தேவாலயம், சுமார் 950 இருக்கைதான். அங்கே பின் வரிசையில் இருந்தாலும் பாடகர் புருவம் தூக்குவது தெரியும். ஆல்பர்ட் ஹாலில் ஒரு நல்ல இருக்கைக்கு ஆகும் காசில் இங்கே சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துச் சமாளித்துவிடலாம். பிரம்மாண்டம் பிடித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், குரலைக் கேட்கச் சின்ன அரங்கம்தான்.

கையெழுத்தின் பக்கம்

வெளியே நின்று கற்பனை செய்வதற்கும் நடப்பதற்கும் இங்கேதான் இடைவெளி அதிகம். புத்தகக் கடையில் கையெழுத்து நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் புத்தகத்தின் விலையே டிக்கெட். ஹார்ட்பேக், அதாவது கெட்டி அட்டைப் பிரதி, 20, 25 பவுண்டு இருக்கும். கச்சேரியில் சுமாரான இருக்கைக்கே அதைவிட இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் குறைந்த காசில் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று தோன்றும்.

வரிசையில் நிற்கும்போதே கடை ஊழியர் ஒருவர் மஞ்சள் ஒட்டுத்தாளோடு வருவார். உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போடவேண்டிய பக்கத்தில் ஒட்டுவார். மேலுறையின் மடிப்பை அந்தப் பக்கத்தில் செருகிக்கொடுப்பார். மேஜைக்குப் போய்ப் பக்கம் தேடி ஒரு நொடிகூட வீணாகக் கூடாது. இந்த ஒட்டுத்தாள் நம் ஆட்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். 'தமிழ்ச்செல்வி' என்கிற பெயரை மேஜையில் வைத்து உச்சரித்துக் காட்டத் தொடங்கினால் உங்கள் நேரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

அந்த நேரம் எவ்வளவு? இருநூறு பேர் நிற்கிற வரிசையை இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் தலைக்கு அரை நிமிடம். பெயரைப் பார்த்து எழுத, கையெழுத்துப் போட, நிமிர்ந்து சிரிக்க, அதில் பாதி ஓடிவிடும். பல கடைகளில் சேர்ந்து நின்று படம் எடுக்க அனுமதியில்லை. அடுத்த ஆள் உங்களை எடுக்கலாம், நட்சத்திரம் குனிந்திருக்கும் படம்தான் கிடைக்கும். பழைய நாடக நிகழ்ச்சிநிரல், இசைத்தட்டு எதையும் நீட்டக் கூடாது, புதுப் புத்தகம் மட்டும்தான் என்று டிக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். வாங்கியதும் புத்தகத்தைப் படக்கென்று மூடாதீர்கள். மார்க்கர் மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அரை நிமிடத்தைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான பெண்மணி, உங்களை 1985இல் பார்பிகனில் ('லே மிஸரபிள்' அரங்கேறிய அரங்கம்) பார்த்தேன் என்று பாலிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பேனா அப்படியே நின்றது. எந்த இருக்கை, யாரோடு வந்தீர்கள் என்று எதிர்க்கேள்விகள் வந்தன, வரிசை காத்திருந்தது. அது கச்சேரியில் எந்த விலைக்கும் கிடைக்காது. ஆனால் சொல்ல அப்படி ஒன்று கையில் இருக்க வேண்டும். 'உங்கள் பாட்டு ரொம்பப் பிடிக்கும்' என்பதை அன்று மாலையே நூறு பேர் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துள்ள பிரதிக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் போகவே தேவையில்லை. இப்போதெல்லாம் பதிப்பகங்கள் தனித் தாள்களைக் கட்டுக்கட்டாகப் பிரபலத்தின் வீட்டுக்கே அனுப்பி, கையெழுத்து வாங்கி, பைண்டிங்கின்போது புத்தகத்தில் சேர்த்துவிடுகின்றன. அந்தப் பிரதிகள் கடை இணையதளத்தில் முன்பதிவில் கிடைக்கும், விலையும் அநேகமாக அதேதான். உங்கள் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

பேச்சும் புத்தகமும் சேர்ந்தால்

வெறும் கையெழுத்து மேஜைக்கும் கச்சேரிக்கும் நடுவில் ஒன்று உண்டு. ஒரு அரங்கில் யாராவது கேள்வி கேட்க, நட்சத்திரம் ஒரு மணி நேரம் பேசுவார். டிக்கெட்டில் புத்தகமும் அடக்கம். இது கையெழுத்தை எளிதில் தோற்கடித்துவிடுகிறது, சில ரசிகர்களுக்குக் கச்சேரியையும்.

காரணம், மேடையில் பாட்டாக வராத விஷயங்கள் இங்கேதான் வரும். 'லே மிஸரபிள்' ஓடிக்கொண்டிருந்த நாட்களில் பாலுக்குச் சுரப்பிக் காய்ச்சல் வந்தது. அதைத் தொடர்ந்து மேடையில் திடீர் பயம், பதற்றத் தாக்குதல்கள். நடிப்பையே விட்டுவிடலாமா என்கிற நிலை. பிறகு 'ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா'வில் ரவுல் வேடத்தின் மூலம்தான் மேடைக்குத் திரும்பினார். கச்சேரியில் சிரித்துக்கொண்டே நிற்கிற மனிதரைப் பார்த்து இதை யூகிக்கவே முடியாது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், பேட்டி லுபோன் என்கிற அமெரிக்க மேடை நட்சத்திரம் இன்னும் காரம். 1993இல் லண்டனில் 'சன்செட் புலவார்ட்' நாயகியாக நடித்தவருக்கு நியூயார்க்கின் பிராட்வேயில் அந்த வேடம் தரப்படவில்லை, கிளென் க்ளோஸுக்குப் போனது. கிடைத்த நஷ்டஈட்டில் வீட்டில் நீச்சல் குளம் கட்டி, அதற்கு அந்த நாடகத்தின் இசையமைப்பாளர் பெயரில் ஆண்ட்ரூ லாயிட் வெபர் நினைவுக் குளம் என்று பெயர் வைத்தார். இந்தக் கதையை எழுத்தில் படிப்பது ஒன்று, அவர் வாயால் கேட்பது வேறு.

லுபோன் என்றதும் ஒரு எச்சரிக்கை. 2015இல் நியூயார்க்கில் நாடகத்தின் நடுவே பார்வையாளர் ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க, மேடையிலிருந்து வெளியேறும் வழியில் அவர் கையிலிருந்த போனை லாகவமாகப் பறித்துக்கொண்டு போய்விட்டார் லுபோன். கச்சேரியோ பேச்சோ, போன் பையிலேயே இருக்கட்டும்.

மற்ற வழிகள்

ஸ்டேஜ் டோர் இலவசம், அதனால் எல்லோருக்கும் ஆசை. தியேட்டரின் பின்வாசலில் நின்றால் நடிகர்கள் வெளியே வரும்போது கையெழுத்து வாங்கலாம். ஆனால் வருவார்கள் என்று எந்த உறுதியும் இல்லை. வாரத்துக்கு எட்டுக் காட்சி பாடுகிற தொண்டை, அதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் அவர்களுக்கு முதல் வேலை. இரண்டு காட்சி உள்ள நாளில் மதியக் காட்சிக்குப் பிறகு நிற்பது பெரும்பாலும் வீண், உள்ளேயே ஓய்வெடுப்பார்கள். சுற்றுப்பயணக் கச்சேரியில் இந்த வழி இன்னும் மோசம், அடுத்த ஊருக்கு வண்டி தயாராக நிற்கும். கிடைத்தால் லாபம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒலிச் சோதனை பார்ப்பது, சேர்ந்து படம் எடுப்பது என்று கூடுதல் காசுக்கு விற்கிற விஐபி டிக்கெட்டுகளும் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம். அந்தக் காசுக்கு இன்னொரு ஊர்க் கச்சேரிக்கே போகலாம், பாட்டு வரிசை அநேகமாக அதேதான் என்றாலும் குரல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி.

கச்சேரியிலேயே அதிர்ஷ்டம் அடிப்பதும் உண்டு. 'விக்கிட்' மியூசிக்கலில் முதல் கிளிண்டாவாக நடித்த கிறிஸ்டின் செனவெத், கச்சேரியில் ரசிகர் ஒருவரை மேடைக்கு அழைத்து ஜோடிப் பாட்டு பாடவைப்பார். 2013இல் ஹாலிவுட் பவுலில் அப்படி ஏறிய ஒரு பாட்டு டீச்சர் பாடிய பாட்டில் செனவெத்தே வாயடைத்துப்போன வீடியோ உலகம் சுற்றியது. ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு விழும் சீட்டு அது.

சரி, என் கணக்கு இது. அவரை நேரில் கேட்டதே இல்லை என்றால் யோசிக்காமல் கச்சேரி, அதுவும் சின்ன அரங்கம். ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள், அவர் வேடங்களைத் தலைகீழாகத் தெரியும் என்றால் பேச்சு நிகழ்ச்சி. வெறும் கையெழுத்து மேஜையைக் கடைசியில் வைக்கிறேன். உங்களிடம் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தால் மட்டும் அது மேலே வரும். இரண்டுக்கும் டிக்கெட் கிடைத்துவிட்டதென்றால் கச்சேரிக்கு முதலில் போங்கள், மேஜையில் பேச அன்றைய பாட்டு ஒன்றாவது கையில் இருக்கும். தேதி ஒத்துவராதவர்கள் கச்சேரி டிக்கெட்டை ட்விக்கெட்ஸ் மாதிரி வாங்கிய விலைக்கே மறுவிற்பனை செய்யும் தளத்தில் தேடலாம், நிகழ்ச்சிக்கு முந்தைய நாட்களில் பலர் கைவிடுவார்கள். புத்தகக் கடை நிகழ்ச்சி டிக்கெட்டுகள் அப்படித் திரும்பி வருவது அபூர்வம்.

கையெழுத்துப் பிரதியை டொராண்டோவுக்கோ சென்னைக்கோ வரவழைக்க நினைப்பவர்கள், பணம் கட்டுமுன் தபால் செலவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்ட்பேக் கனம்.