லண்டன் ஆக்களின்ர பள்ளிக்கூட உதவி, என்ர அனுபவம்
யாழ்ப்பாணம் நெடுந்தீவில எங்கட பள்ளிக்கூடத்துக்கு லண்டனில இருக்கிற எங்கட ஆக்கள் நடத்துற அமைப்பொண்டு மூண்டு வருசமா உதவி செய்யுது, ஒருத்தருக்கும் சம்பளமில்லை, வேலை முடிஞ்சு வந்துதான் ஸூமில கதைப்பினம். அரசாங்கம் பாடப்புத்தகம் இலவசமாத் தந்தாலும் கொப்பி, பின்னேர வகுப்பு எல்லாம் தாய் தேப்பன்ர தலையிலதானே, அதை இவை பாக்கினம். கணக்கு ரீச்சர் குறிகட்டுவான் இறங்குதுறையில வள்ளமேறி வந்து போற செலவையும் குடுக்கினம், கடல் கொந்தளிச்சா அந்த மனுசி பாவம். ஆனா போனமுறை வந்த சப்பாத்தில பாதிக்கு அளவு பிழை, என்ர மகள் முன்னுக்குப் பஞ்சு அடைஞ்சுதான் போட்டவள். போட்டோவுக்காகப் பிள்ளையளை வெயிலில நிப்பாட்டினதும் எனக்குத் துண்டாப் பிடிக்கேல்லை. சொன்னாப்பிறகு இந்தமுறை கால் அளவு கேட்டு வாட்ஸப் போட்டிருக்கினம்.