குளுவாங் பக்கம் வைன் ருசிக்கப் போகிறவர்கள் போத்தலை மேசைக்கு வரச் சொல்லுங்கள்

ஜொகூர் மாநிலக் குளுவாங்கில் புதிய தாமான் (குடியிருப்பு) கடைவரிசை ஒன்றில் ‘வைன் டேஸ்டிங் ரூம்’ என்று போர்டு போட்டு ஒரு கடை நடக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் வாரக்கடைசியில் ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் ஆட்கள் காரை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறார்கள். மஞ்சள் விளக்கு, மரப்பீப்பாய், சுவரில் திராட்சைத் தோட்டப் படம் எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு வைன் புதிதல்ல. கே.எல்.லில் வேலை பார்த்த காலத்தில் பங்சார், டிடிடிஐ, பெட்டாலிங் ஜெயா என்று சின்னச் சின்ன வைன் பார்களாகத் தேடிப் போவது எனக்கும் என் மனைவிக்கும் பிடித்த பொழுதுபோக்கு. பெரிய ஓட்டல்களைவிட குடியிருப்புப் பகுதிக்குள் இருக்கும் பத்து மேசைக் கடைகள்தான் எங்களுக்குத் தோது. நல்ல கடை என்றால் போத்தல் மேசைக்கு வரும். லேபிளைக் காட்டுவார்கள், எதிரில் வைத்துத் திறப்பார்கள். ஏற்கெனவே திறந்த போத்தல் என்றால் என்றைக்குத் திறந்தது என்று நாம் கேட்காமலே சொல்வார்கள். சில கடைகளில் மெஷின் உண்டு. போத்தலுக்குள் ஆர்கான் வாயுவை விட்டு, காற்றுப் படாமல் வைத்திருக்கும். கார்டைச் செருகி 25 மில்லி, 50 மில்லி என்று பொத்தானை அமுக்கினால் அந்த அளவுதான் இறங்கும். அவ்வளவு தூரம் போவானேன், தாத்தா காலத்துத் தோட்டக் கள்ளுக்கடையில்கூட கண்ணுக்கு எதிரில் அளந்துதான் ஊற்றினார்கள்.

இந்தக் கடையில் மெனு அட்டையில் ‘4 வகை ருசி – 68 வெள்ளி’ (ரிங்கிட்) என்று இருந்தது. ஒரு வகைக்கு எத்தனை மில்லி, ஒரு ஆளுக்கா மேசைக்கா, ஒன்றும் இல்லை. நான் கேட்டேன். “எல்லாரும் ருசி பார்க்கலாம் அண்ணே” என்றான் பரிமாறிய தம்பி. பக்கத்துத் தோட்டத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று பேச்சிலேயே தெரிந்தது. நாங்கள் நாலு பேர்: நான், மனைவி, தங்கை, மாப்பிள்ளை. தங்கைக்குக் கல்யாண நாள். சரி, கொண்டு வா என்றோம்.

வந்தது ஊற்றிய கண்ணாடிக் குவளைகள் மட்டும். போத்தல் ஒன்றும் வரவில்லை. திரைக்குப் பின்னால் எங்கேயோ ஊற்றி, தட்டில் வரிசையாக அடுக்கிக் கொண்டு வந்தான். மாப்பிள்ளை கிள்ளானில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறார். நாள் முழுக்க இருமல் மருந்து அளக்கிற கை. குவளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மச்சான், இது 30 மில்லிக்கு மேல் இருக்காது” என்றார்.

முதல் இரண்டும் வெள்ளை, குடிக்கும்படி இருந்தன. மூன்றாவது ஷிராஸ் என்கிற ஆஸ்திரேலியச் சிவப்பு வைன், பரோசா பள்ளத்தாக்கு, 2021 என்று அட்டையில் போட்டிருந்தது. அந்த வயது பரோசா ஷிராஸ் எப்படி இருக்கும் என்றால், நாவல்பழச் சாறு மாதிரிக் கருஞ்சிவப்பாக, விளிம்பில் ஊதா ஓடும். எங்கள் குவளையில் இருந்தது விளிம்பு முழுக்கச் செங்கல் நிறம். வெள்ளைக் கைத்துடைப்பானுக்கு மேல் சாய்த்துப் பிடித்தால் நடுப்பகுதிகூட பழுப்பு தட்டியிருந்தது. மோந்தால் முதலில் காடி வாடை, அதற்குப் பின்னால் நகப்பூச்சு வாடை. வாயில் வைத்தால் வேகவைத்த பழம், பிறகு புளிப்பு மட்டும். பல ஆண்டு பாதாளத்தில் கிடந்த பழைய வைனுக்குப் பழுப்பு விளிம்பு அழகு. இளசுக்கு வந்தால் ஒன்று, திறந்து நாள் கணக்கில் காற்றில் நின்றிருக்கிறது. அல்லது வெயிலில் வெந்திருக்கிறது. திறந்த சிவப்பு வைனை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தாலும் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கினால் பெரிது.

போத்தலைக் கொண்டு வரச் சொன்னேன். தம்பி உள்ளே போனான், திரும்பி வந்து “முடிஞ்சிருச்சு அண்ணே” என்றான். காலிப் போத்தலைக் கொண்டு வா என்றேன். மறுபடி போய், பாவம், முகம் வெளிறித் திரும்பி வந்தான், கையில் போத்தலுடன்.

அதில் இன்னும் கால்வாசி இருந்தது. லேபிளில் 2021 இல்லை, 2016. தக்கையைத் தலைகீழாகத் திருப்பிச் செருகியிருந்தார்கள். பிடுங்கிப் பார்த்தேன். வைன் பட்ட முனை மட்டும் நனைந்திருக்க வேண்டிய தக்கையில், பக்கவாட்டில் மேல்முனை வரைக்கும் சிவப்புக் கோடு ஏறியிருந்தது, தொட்டால் பிசுபிசுத்தது. சூடு பட்டால் உள்ளே இருப்பது விரிந்து தக்கையைத் தள்ளி, ஓரமாகக் கசியும். இந்தக் கோடு அதன் அடையாளம். வைனைச் சேமித்து வைக்க ஏற்ற சூடு 13 டிகிரி அளவு. நம்ம ஊர்க் கடைவீட்டில் இரவு ஏர்கோனை நிறுத்திவிட்டுப் போனால் மறுநாள் மதியத்துக்குள் உள்ளே என்ன சூடு இருக்கும் என்று குளுவாங்கில் குடியிருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதையாவது கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். வரி கட்டியதற்கு அடையாளமாகப் போத்தலில் ஒட்டியிருக்க வேண்டிய சுங்கத்துறை வில்லையைத் தேடினேன், அதையும் காணோம்.

வில்லை இல்லாத போத்தலில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கே.எல். வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சம்சு என்கிற மலிவுச் சாராயம் தோட்டப்புறத்தில் எத்தனை குடும்பத்தை அழித்தது என்பது நமக்குப் புதுக்கதை இல்லை. இந்தக் கடையில் விஷம் இருந்தது என்று நான் சொல்லவில்லை, எங்கள் நாலு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வில்லை இல்லாத போத்தலிலிருந்து யார் ஊற்றினாலும் நான் குடிக்க மாட்டேன்.

நாலாவது வகையைத் தொடாமல் பில் கேட்டோம். 68 வெள்ளி தலைக்கு ஒன்று என்று 272. கேட்காமலே நடுவில் கொண்டு வந்து வைத்த ரொட்டி, சீஸ் தட்டு 38. ஆக 310. அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு வரி. மொத்தம் 359 வெள்ளி 60 காசு. மாப்பிள்ளை கணக்குப் போட்டார்: பதினாறு குவளை, தலா 30 மில்லி, 480 மில்லி. ஒரு போத்தல் 750. அந்த 272 வெள்ளிக்கு ஒரு முழுப் போத்தல்கூட மேசைக்கு வரவில்லை, அதிலும் கால்வாசி கெட்டுப் போனது, கால்வாசி நாங்கள் தொடாதது.

அந்த 6 விழுக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு வரி 8 ஆனபோதும் உணவு, பானக் கடைகளுக்கு 6 தான், அதில் தப்பில்லை. ஆனால் ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டுகிற கடைதான் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்த கடைதான் வாங்கலாம், பில்லில் பதிவு எண் இருக்க வேண்டும். எங்கள் பில்லில் எண் இல்லை. சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் கடைப் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. சேவைக் கட்டணமும் அப்படித்தான். வாங்கட்டும், ஆனால் முன்கூட்டியே தெரியும்படி எழுதி வைத்துவிட்டு வாங்கட்டும். மெனுவிலோ சுவரிலோ ஓர் எழுத்து கிடையாது.

உரிமையாளர் வந்தார். லேபிளைக் காட்டினேன், தக்கையைக் காட்டினேன். அவர் போத்தலைப் பார்க்கவே இல்லை. “சிவப்பு வைன் இப்படித்தான் இருக்கும் பாஸ். எஸ்டேட் பக்கத்து ஆளுங்களுக்கு பீர்தான் பழக்கம், முதல்ல கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்” என்றார். என் மனைவிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுடைய அப்பா முப்பது வருஷம் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். “எஸ்டேட் ஆளுங்கதான், ஆனா எங்களுக்குப் படிக்கத் தெரியும், இதுல 2016னு போட்டிருக்கு” என்றாள். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அவர் உடனே குரலை இறக்கி, அடுத்த முறைக்கு 50 வெள்ளி வவுச்சர் தருகிறேன் என்றார். வாங்கவில்லை.

தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியே வரும்போது “பாஸ் சொன்னதத்தான் அண்ணே செய்யறேன்” என்றான். மற்ற வேலையெல்லாம் லாடாங்கில் (தோட்டத்தில்) வெயிலில்தான், இங்கே ஏர்கோன். அவனுக்கும் பிழைப்பு.

பணத்தைக் கார்டில் கட்டிவிட்டு, பில்லின் பின்பக்கம் ‘ஆட்சேபத்துடன் கட்டியது’ என்று எழுதி, தேதி போட்டு, அவர்கள் எதிரிலேயே படம் எடுத்துக்கொண்டேன். போத்தல், லேபிள், தக்கை, மெனு அட்டை எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. வில்லை விஷயம் சுங்கத்துறைக்கு, விலை விஷயம் உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு. பணத்துக்குப் பயனீட்டாளர் திரிபியூனலில் மனு போட்டேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். அலைச்சல் என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், மனுப் படிவம் நிரப்ப ஒரு மாலைப் பொழுது போதும், இணையத்திலேயே முடிந்துவிட்டது.

மனு போட்ட விஷயம் தெரிந்த பிறகு கடையிலிருந்து வாட்சாப்பில் ஒரு செய்தி வந்தது: முழுப் பணத்தையும் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள். சீஸ் தட்டுக்கு வேண்டுமானால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், சீஸ் நன்றாகத்தான் இருந்தது, புகார் அப்படியே இருக்கும் என்று பதில் போட்டேன். அதே கடைவரிசையில் அதே மாதிரி பில் வாங்கியவர்கள் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டு வரைக்கும் மனுப் போடலாம், பில்லின் எழுத்து அதற்குள் மங்கிவிடும், இன்றைக்கே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.