கம்ப்யூட்டரை ஜெயித்தால் 5,000 ரூபாயா? தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்

போன மாதம் எங்கள் ஊர் செஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. ஆன்லைனில் கம்ப்யூட்டரோடு மூன்று செஸ் ஆட்டம், இரண்டில் ஜெயித்தால் 5,000 ரூபாய், கட்டணம் 300. கம்ப்யூட்டரின் பலம் 1500 ரேட்டிங்கில் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், கூடினால் பலம் கூட) பூட்டப்பட்டிருக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். என் ரேட்டிங் 1640. முயன்று பார்க்கலாம் என்று கட்டினேன், தோற்றேன். 300 ரூபாய்தானே என்று விட்டும்விட்டேன்.

அப்புறம் என்னிடம் வார இறுதியில் செஸ் கற்கும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். பொங்கலுக்குத் தாத்தா கொடுத்த காசையும் சேர்த்து, ஆறு தடவையாக 1,800 ரூபாய் கட்டியிருக்கிறான். "எல்லா ஆட்டத்துலயும் நல்லாத்தான் சார் ஆடுறேன். கடைசில நான்தான் சொதப்பிடுறேன்" என்றான். அதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் என் நோட்டை எடுத்தேன்.

போட்டிகளில் மூவ் எழுதிப் பழகியதால் ஆன்லைனில் ஆடும்போதும் நோட்டில் எழுதுவேன். அந்தத் தளத்தில் ஆட்டத்தை இறக்கிக்கொள்ள வழியே இல்லை. நோட்டு இல்லையென்றால் என்னிடம் எந்த ஆதாரமும் இருந்திருக்காது.

இலவச முன்னோட்ட ஆட்டத்தில் சுலபமாக ஜெயித்தேன். பணம் கட்டிய முதல் ஆட்டத்திலும் அது ஒரு குதிரையைச் சும்மா கொடுத்தது, ஜெயித்தேன். இன்னும் ஒன்று ஜெயித்தால் பரிசு. இரண்டாம் ஆட்டத்தில் 22ஆவது மூவ் வரை இரண்டு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தேன். அங்கிருந்து அது வேறு ஆளாக மாறியது. அதுவரை ஒரு விநாடியில் ஆடிக்கொண்டிருந்தது, 23ஆவது மூவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஏழு விநாடி எடுத்தது. யானையைத் திரும்ப வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லாத இடத்திலும் அதே ஏழு விநாடி. 58ஆவது மூவில் நான் தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்தேன்.

ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினில் (செஸ் ஆடவும் அலசவும் செய்யும் மென்பொருள்) போட்டுப் பார்த்தேன். முதல் 22 மூவில் கம்ப்யூட்டர் நான்கு பெரிய தவறு செய்திருந்தது. அதற்குப் பிறகு ஆடிய 35 மூவில் 33, எஞ்சின் காட்டும் முதல் தேர்வு. மூன்றாம் ஆட்டத்தில் இந்த மாற்றம் 18ஆவது மூவிலேயே வந்துவிட்டது.

பலம் குறைத்து வைத்த எஞ்சின் இப்படி ஆடாது. ஸ்டாக்ஃபிஷில் 0 முதல் 20 வரை ஸ்கில் லெவல் உண்டு. அதைக் குறைத்தால், கிடைத்த சில நல்ல மூவ்களுக்குள் சுமாரான ஒன்றை அவ்வப்போது வேண்டுமென்றே எடுக்கும். அதனால் தவறுகள் ஆட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். நாம் ஜெயிக்கப் போகிற நேரம் பார்த்து மொத்தமாக நிற்காது. ஆனால் அந்த லெவலை இரண்டு மூவுக்கு நடுவில் மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும், எதிரில் ஆடுகிறவருக்கு எதுவுமே தெரியாது. முழுப் பலத்தில் விட்டால் உலக சாம்பியனே அதனிடம் தோற்பார். எட்டாம் வகுப்புப் பையன் என்ன செய்வான்?

நடத்துகிறவரிடம் எஞ்சின் பதிவைக் கேட்டேன். ஒவ்வொரு மூவுக்கும் எந்த அமைப்பில், எவ்வளவு ஆழம் யோசித்தது என்பது அதில் இருக்கும். "தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வாங்க" என்று பதில் வந்தது. பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

1997இல் நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் செஸ் கம்ப்யூட்டரான டீப் புளூவோடு ஆடிய உலக சாம்பியன் காஸ்பரோவும் இரண்டாம் ஆட்டத்துக்குப் பிறகு இதைத்தான் கேட்டார். ஐபிஎம் அப்போது கொடுக்கவில்லை, பிற்பாடுதான் வெளியிட்டது. நடுவில் மனிதர் யாரோ உதவியிருப்பார்கள் என்ற அவர் சந்தேகம் சரியா தவறா என்பது வேறு விஷயம். கேட்ட உடனே காட்டியிருந்தால் இத்தனை வருடம் அந்தப் பேச்சு நீடித்திருக்காது. 2006இல் ஜெர்மனியின் பான் நகரில் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் புரோகிராமோடு ஆடியபோது நிலைமை வேறு. புரோகிராமை முன்கூட்டியே அவருக்குக் கொடுத்தார்கள். அது ஓபனிங் நூலகத்திலிருந்து (முன்பே சேமித்து வைத்த தொடக்க மூவ்கள்) ஆடும் வரை திரையில் என்ன தெரிகிறது என்பதை அவரும் பார்க்கலாம். அதில் ஒரே மூவில் வரும் செக்மேட்டைக் கவனிக்காமல் ஒரு ஆட்டத்தை விட்டார், 4-2 என்று போட்டியையும் தோற்றார். ஆனால் நிபந்தனை எல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தது. என் மாணவனுக்குக் கிடைக்காதது அதுதான்.

பெற்றோர்களே, பிள்ளை கம்ப்யூட்டரோடு ஆடட்டும், நல்ல பயிற்சிதான். லிசெஸ் என்ற செஸ் தளத்தில் ஸ்டாக்ஃபிஷோடு எட்டு நிலைகளில் இலவசமாக ஆடலாம், ஆட்டத்தை இறக்கிக்கொண்டு அலசவும் செய்யலாம். பணம் கேட்டால் மட்டும் உடனே விலகுங்கள். பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் விளையாட்டுகள், திறமை சார்ந்தவையாக இருந்தாலும், கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றிவிட்டது. இவர்கள் அனுப்பிய ரசீதில் "பயிற்சிக் கட்டணம்" என்று இருப்பது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் ஜிபே ரசீதையும் போஸ்டரையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழையுங்கள். நானும் அந்தப் பையனின் அப்பாவும் சேர்ந்து புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.

பையனை உட்கார வைத்து அவன் ஆட்டங்களைப் பார்த்தோம். மூவ் எழுதி வைக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை, ஞாபகத்திலிருந்து இரண்டை மட்டும் சொன்னான். இரண்டிலும் பாதி ஆட்டம் வரை அவன் அருமையாக ஆடியிருக்கிறான். அதை அவனிடம் மூன்று தடவை சொன்னேன்.

நேற்று பக்கத்து ஊர்க் குழுவில் அதே போஸ்டரைப் பார்த்தேன். பெயர் மட்டும் வேறு, பணம் அனுப்பச் சொல்லும் எண் அதேதான். கட்டணம் இப்போது 500.