போஸ்டரா, பாட்டுப் புத்தகமா?

பழைய தமிழ்ப் படங்களின் நினைவுப் பொருள்களைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் ஆசைப்படுவது போஸ்டருக்குத்தான். ஒன்றை மாட்டினால் போதும், அறையின் களையே மாறிவிடும். ஆனாலும் சென்னை மாதிரி கடலோர ஊரில் இருப்பவருக்கு நான் கைகாட்டுவது, படத்துக்கென்று அச்சிட்டு விற்ற சின்னப் பாட்டுப் புத்தகத்தை. காரணம் விலை இல்லை, பராமரிப்பு.

படச்சுருளையே சேர்க்கலாமே என்றால், அது வீட்டுக்கு ஆகாது. 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். பின்னால் வந்த அசிடேட் சுருளில் ஒருமுறை புளிக்காடி வாடை கிளம்பிவிட்டால், பக்கத்துச் சுருளையும் கெடுக்கும்.

போஸ்டரின் எதிரி ஈரமும் வெயிலும். 30-க்கு 40 அங்குலத் தாளுக்கு 3 மி.மீ. கண்ணாடி போட்டால், கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 6 கிலோ. அது தாளைத் தொட்டபடி இருந்தால் மழைக்காலத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் மவுண்ட் அட்டை, அதாவது தாளின் ஓரத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை, வைத்து இடைவெளி விடுவது அவசியம். மழைநீர் ஊறும் வெளிச்சுவரில் மாட்டவே கூடாது. மடிப்பு கிழிகிறதே என்று செல்லோடேப் ஒட்டினால், பசை பழுப்பாகி மறுபக்கம் வரை இறங்கும். லேமினேஷன் செய்தால் கதை முடிந்தது. பிரித்தெடுக்க வழியில்லை, மறுவிற்பனையும் போச்சு.

பாட்டுப் புத்தகம் பெரும்பாலும் 8 முதல் 16 பக்கம். ஒரு ஷூ பெட்டி அளவு இடத்தில் ஐம்பது, அறுபது அடங்கும். அணாவிலோ பைசாவிலோ விலை, நடிகர் பட்டியல், பாட்டு வரிகள், பழையவற்றில் ராகமும் தாளமும்கூட இருக்கும். கதைச் சுருக்கம் முக்கியமான இடத்தில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். 1931-இல் வந்த 'காளிதாஸ்' உட்படப் பல படங்களுக்கு இன்று பிரதியே இல்லை. அப்படித் தொலைந்த படங்களின் கதையையும் பாட்டையும் தேடுபவருக்கு இந்த மலிவுத்தாள்தான் சாட்சி. எனக்கு இதைவிடப் பெரிய ஈர்ப்பு வேறில்லை.

வாங்கும்போது நடுப்பக்கத்தைத் திறந்து, தாள்களைச் சேர்த்திருக்கும் கம்பிப் பின்னைப் பாருங்கள். அசலில் துருக்கறை தாளுக்குள் ஊறி, அடுத்தடுத்த பக்கங்களில் மங்கிக்கொண்டே போகும். நகலில் கறை அச்சாக மட்டும் தெரியும். புதுப் பின்னைச் சுற்றி அது பொருந்தாது.

அந்தப் பின்னைக் கழற்றுவதுதான் முதல் வேலை. துரு பட்ட இடம் மொரமொரவென்று உதிரும். நடுப்பக்கத்தில் மடங்கிய கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள்; பிடித்து இழுத்தால் தாள் கிழியும். பிறகு அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூல் கோத்துக் கட்டலாம். உறை பாலியஸ்டர் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்தெடுக்கும்.

விலை நடிகரையும் படத்தையும் பொறுத்து மாறும். முதலீடாக எண்ணி வாங்கச் சொல்ல மாட்டேன்.

புதிதாக வந்ததை நேரே பெட்டியில் சேர்க்காதீர்கள், தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சி கூடவே வரும். காற்றுப் புகாத கவரில் போட்டு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் கவரோடு கிடக்கட்டும். அவசரப்பட்டால் தாள் மேல் நீர் கோக்கும்.