கோர்பேக்: யார்னுக்கும் பிஎன்பிஎம்முக்கும் நடுவே ஒரு பாலம்

மொரீஷியஸின் எபேன் சைபர்சிட்டியில் பல வாடிக்கையாளர்களின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஒரே மடிக்கணினியில் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். நிரலுக்கு வேண்டிய பொதிகளை இறக்கித் தரும் பேக்கேஜ் மேனேஜர் ஒவ்வொருவருக்கும் வேறு: பாரிஸ் வாடிக்கையாளருடையது யார்ன் 4, ஜோகன்னஸ்பர்க்காரருடையது பிஎன்பிஎம் 9, ரோஸ் ஹில் கடைக்காக எப்போதோ செய்த தளம் யார்ன் 1.22. மூன்றையும் தனித்தனியாக குளோபலாக (கணினி முழுமைக்கும் பொதுவாக) நிறுவிச் சமாளிக்க முடியாது. யார்ன் என்று அடித்தால் எந்த யார்ன் ஓடும்? ஒவ்வொரு புராஜெக்டுக்கும் உரிய மேனேஜர் பதிப்பை ஓட்டித் தரும் கோர்பேக் என்ற கருவி பதில் சொல்வது அந்தக் கேள்விக்குத்தான்.

வேலை செய்யும் விதம் எளிது. ‘கோர்பேக் எனேபிள்’ என்றதும், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node.js) இருக்கும் ‘bin’ ஃபோல்டரில் யார்ன், பிஎன்பிஎம் என்ற பெயர்களில் சிறிய ஷிம்களை (இடைநிலைக் கட்டளைகளை) வைக்கும். நீங்கள் யார்ன் என்று அடிக்கும்போது ஓடுவது ஷிம். அது புராஜெக்டின் விவரக் கோப்பான பேக்கேஜ்.ஜேசனில் ‘பேக்கேஜ்மேனேஜர்’ என்ற வரியைப் படித்து, அதே பதிப்பை இறக்கி ஓட்டும். அந்த வரியைக் கையால் எழுதாமல் ‘கோர்பேக் யூஸ் பிஎன்பிஎம்@9’ என்று கொடுத்தால் முழுப் பதிப்பு எண்ணையும் ஹாஷையும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியை) தானே எழுதிவிடும். கையால் எழுதுகிறவர்கள் பதிப்புக்கு முன் கேரட் (^) குறி போட்டுவிட்டு, பிழை வந்ததும் விழிப்பார்கள். அங்கே துல்லியமான எண் மட்டுமே செல்லும்.

நிறுவும் முன் பழைய குளோபல் யார்னையும் பிஎன்பிஎம்மையும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் பெயர்கள் மோதும். விண்டோஸில் நோட் புரோகிராம் ஃபைல்ஸில் இருந்தால் அட்மின் உரிமை இல்லாமல் ஷிம் எழுத முடியாது. பல நோட் பதிப்புகளுக்கு இடையே மாற உதவும் என்விஎம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு நோட் பதிப்புக்கும் எனேபிளைத் திரும்ப அடிக்க வேண்டும்.

பெரிய ஓட்டை என்று நான் சொல்வது நோட்டோடு வரும் மேனேஜரான என்பிஎம் விஷயத்தை. யார்ன் புராஜெக்டில் பிஎன்பிஎம் அடித்தால் கோர்பேக் தடுக்கும். ஆனால் கை பழக்கத்தில் எல்லோரும் அடிப்பது ‘என்பிஎம் இன்ஸ்டால்’ ஆயிற்றே! அதை இயல்பாகத் தடுக்காது, பொதிகளின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலான யார்ன்.லாக் பக்கத்திலேயே என்பிஎம்மின் பேக்கேஜ்-லாக்.ஜேசனும் முளைக்கும். ‘கோர்பேக் எனேபிள் என்பிஎம்’ என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் யார்ன் ஃபோல்டருக்குள் ‘என்பிஎம் ரன்’ கூட ஓடாது. தொல்லைதான், ஆனாலும் இரண்டு லாக் ஃபைல்களில் எது உண்மை என்று மதியம் முழுக்கத் தேடுவதைவிட இது மேல்.

இன்னொன்று, பதிப்பைப் பூட்டித் தரும் இந்தக் கருவிக்கே ஒரு பூட்டு தேவை. 2025 தொடக்கத்தில் பொதிகள் வைக்கப்படும் கிடங்கான என்பிஎம் ரெஜிஸ்ட்ரி, அவற்றைச் சரிபார்க்கும் கையொப்பச் சாவியை மாற்றியது. பழைய சாவிகளைத் தனக்குள்ளேயே வைத்திருந்த கோர்பேக்குகள், பொருந்தும் கீஐடி (சாவியின் அடையாள எண்) இல்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டன. யார் நிரலிலும் தப்பில்லை, ஆனால் பில்ட் ஓடவில்லை. கோர்பேக் 0.31.0 அதைச் சரிசெய்தது. கையொப்பச் சோதனையையே அணைத்து அன்றைக்குத் தப்பித்தவர்கள் அந்த அமைப்பு இன்னும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுவது நல்லது.

நோட்டின் 16.9 பதிப்பிலிருந்து அதோடு சேர்ந்தே வந்த கோர்பேக், நோட் 25 முதல் உடன் வருவதில்லை. இனி ‘என்பிஎம் இன்ஸ்டால் -ஜி கோர்பேக்’ என்று நாமே போட வேண்டும். சிஐயில் (தானாக பில்டும் சோதனையும் ஓட்டும் அமைப்பில்) லேட்டஸ்ட் என்று விடாமல் பதிப்பு எண் கொடுங்கள். அப்படியொரு சிஐயான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் வரிசையும் முக்கியம்: செட்டப்-நோட் படியில் பிஎன்பிஎம் கேஷ் கேட்டிருந்தால், அதற்கு முன்பே எனேபிள் ஓடியிருக்க வேண்டும். பின்னால் வைத்தால் பிஎன்பிஎம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

நிரலைத் தனிப் பெட்டியாக (கன்டெய்னர்) கட்டி ஓட்டும் டாக்கரில் ஏமாறுகிறவர்கள் அதிகம். எனேபிள் எதையும் இறக்குவதில்லை, ஷிம் மட்டுமே வைக்கும். பில்டின்போதே ‘கோர்பேக் இன்ஸ்டால்’ ஓட்டாவிட்டால் கன்டெய்னர் எழும்போது இணையத்தைத் தேடும். ரூட்டாக (நிர்வாகப் பயனராக) இறக்கிவிட்டு வேறு பயனராக ஓட்டினாலும் அதே கதி, ஏனென்றால் கேஷ் ரூட்டின் ஹோமில் கிடக்கிறது. கோர்பேக்_ஹோம் மாறியை இருவருக்கும் பொதுவான ஃபோல்டருக்குத் திருப்பினால் தீரும்.

இங்கே புயல் காலத்தில் நன்றாகக் கைகொடுப்பது ‘கோர்பேக் பேக் -ஓ’. மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்து எல்லோரும் வீட்டுக்குப் போகும் முன், புராஜெக்டின் மேனேஜரை ஒரு டிஜிஇசட் (சுருக்கிய தொகுப்பு) ஃபைலாகக் கட்டித் தந்துவிடும். வீட்டில் ‘கோர்பேக் இன்ஸ்டால் -ஜி’ என்று அந்த ஃபைலைக் கொடுத்தால் இணையம் இல்லாமலே நிறுவும். உள்ளே இருப்பது மேனேஜர் மட்டும். ரியாக்ட் முதலான சார்புகளை முன்னதாகவே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

எல்லா வேலையும் பிஎன்பிஎம்மில்தான் என்றால் இதை நிறுவ வேண்டாம். பிஎன்பிஎம் 10 அந்த ‘பேக்கேஜ்மேனேஜர்’ வரியைத் தானே படித்து, கேட்ட பதிப்புக்கு மாறிக்கொள்கிறது. பன் (Bun) என்ற மேனேஜரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் பயனில்லை, கோர்பேக் அதை ஆதரிப்பதில்லை. யார்ன் 1, யார்ன் 4 இரண்டும் ஒரே கணினியில் இருந்தாக வேண்டியவர்கள் தயங்காமல் போடலாம்.